மானியம் ரத்து என்று நான் சொன்ன நாள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, என் சர்வீஸில் எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. விதைக்கு, ஜிப்சத்துக்கு, தார்ப்பாய்க்கு, தெளிப்பானுக்கு என்று போட்டதெல்லாம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒரு தெருவின் பெயருக்கு நேராகத் 'தேவை இல்லை' என்று எழுதி அதன் கீழே போட்ட கையெழுத்து அது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை நாலு வார்த்தை திட்டினாலும் பரவாயில்லை, நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

நான் உதவி வேளாண்மை அலுவலர். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கரும்பும் வாழையுமாகப் பல வருடம் அலைந்துவிட்டு, 2004-இல் சிதம்பரத்துக்கு மாற்றலாகி வந்தேன். வீடு கடலூர் செம்மண்டலத்தில். தினமும் பஸ் பிடித்து வந்து பஸ் பிடித்துப் போவேன். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் ஆகியிருந்ததால் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் சேர்ந்துவிட்டிருந்தது. கோபம் மூக்கின் மேல் நிற்கும். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இதை இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள்.

2005 மழை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கொள்ளிடக்கரைப் பக்கம் சம்பாப் பயிர் நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பாதி நெல் அழுகிப்போயிருந்தது. மிச்சம் நின்றதை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்ட முடியாது. உளுந்து வந்தால்தான் உண்டு.

இந்தப் பக்கம் உளுந்து எப்படி விதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், பயிர் நிற்கும்போதே வயலில் இறங்கித் தூவிவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதம் தப்பினால் மண் இறுகி வெடித்துவிடும், விதை தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் முளைக்காது. அந்தத் தை மாதம் பாதி விலைக்கு உளுந்து விதை வந்தது. ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து அனுப்ப வேண்டும், நாள் குறைவு.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றில் பெரிய கோயில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கச் சொல்லி, வாசகத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். "மானிய விவசாயிகள் கணக்கெடுப்பு. மானிய விவசாயிகள் அனைவரும் நிலம் சம்பந்தமான காகிதங்களுடன் நாளை காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரவும்." முந்தின ஊரில் ஜனங்கள் ஆடி அசைந்து வந்து என் பாதி நாளைத் தின்றிருந்தார்கள். அந்த எரிச்சலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: "வராதவர்களின் மானியம் ரத்து செய்யப்படும்."

மறுநாள் கூட்டம் வந்தது. எல்லாத் தெருக்காரர்களும் வந்தார்கள், கோயிலை ஒட்டிய மடவிளாகத் தெருவைத் தவிர. மேளம் வாசிப்பவர்கள், பூக்கட்டுபவர்கள், சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டி பிடிப்பவர்கள் என்று கோயில் வேலை செய்யும் பதினெட்டுக் குடும்பங்கள் அங்கே. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சாகுபடி உண்டு. ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அவுங்களுக்கு ஒண்ணும் வேணாமாம் மேடம். சொல்லி உட்டாங்க" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

நாலு எட்டு நடந்தால் அந்தத் தெரு. நான் நடக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு. மடவிளாகத் தெரு, தேவை இல்லை, கையெழுத்து. பட்டியல் மேலே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம், சிதம்பரத்தில் எங்கள் விரிவாக்க மையத்துக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த மடவிளாகத் தெருதான் என்றார். பெயர் தையல்நாயகி, வீட்டுக்காரர் கோயிலில் தீவட்டி பிடிக்கிறவர். எனக்குப் பக்கத்து மேசையில் எங்கள் விதைக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மங்கலம்பேட்டைக்காரர், என் வயதுதான், நாங்கள் எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். நடந்தது முழுவதும் அவர் காதில் விழுந்தது.

"அம்மா, எங்க மானியத்த எடுத்துடாதீங்க" என்றார் தையல்நாயகி.

"நாங்க எங்க எடுத்தோம்? கூப்பிட்டப்ப வரல. வேணாம்னு நீங்கதான சொல்லி உட்டீங்க?"

"பயந்துகிட்டு சொல்லிட்டாங்கம்மா. எங்க மாமனார் காலத்துலேர்ந்து இருக்குது."

மாமனார் காலத்தில் ஏதோ உரம் கிரம் மானியத்தில் வாங்கியிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். "அப்பல்லாம் வாங்கினவங்களுக்கு இப்ப வந்து கையெழுத்துப் போட வலிக்குதா?" என்றேன். சொன்னேன்தான், இப்போது எழுதும்போது கூசுகிறது.

அவர் ஒரு மஞ்சள் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழைய காகிதம் ஒன்றை எடுத்தார். "அதெல்லாம் உள்ள வையுங்க. பட்டியல் மேல போயிடுச்சு. உங்க தெரு மானியம் ரத்துதான். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

அவர் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டு, "இப்ப நிக்கிற நெல்ல அறுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"உங்க நெல்ல அறுக்கறதுக்கு எங்கிட்ட எதுக்கு கேக்குறீங்க?"

"வீட்டுல கொஞ்சம் உளுந்து வச்சிருக்கோம். அதத் தூவிக்கலாமா?"

"தூவுங்க, யாரு வேணாங்கிறா?"

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எழுந்து போய்விட்டார். என்ன கேள்வி கேட்கிறார் பாருங்கள் என்று நான் பாயைப் பார்த்துச் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை.

"மேடம், அந்தம்மா எந்த மானியத்தச் சொன்னாங்க?"

"எத்தன மானியம் இருக்குது பாய்?"

"ரெண்டு இருக்குது மேடம். நாம கொடுக்கறது ஒண்ணு. நெலம் ஒண்ணு." எனக்கு இன்னும் விளங்கவில்லை என்பதை அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "எங்க ஊர்ல பள்ளிவாசலுக்கு மானியம் இருக்குது. நெலத்தத்தான் மானியம்னு சொல்லுவோம். கோயில்ல தீவட்டி புடிக்கிறவருக்கு அந்தக் காலத்துல நெலம் உட்டிருப்பாங்க. வேல செய்யிற வரைக்கும் உழுது சாப்புடலாம். அது தீவட்டி மானியம். மேளத்துக்கு மேள மானியம். பட்டா சாமி பேர்ல இருக்கும். அந்தம்மா கேட்டது அவுங்க நெலத்த மேடம்."

நாங்கள் செம்மண்டலத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளி வாத்தியார், ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த ஊர்களில் மானியம் என்றால் ஆபீஸில் கொடுப்பது மட்டும்தான். இந்தச் சாக்கெல்லாம் எனக்கே எடுபடவில்லை. நிலத்துக் காகிதத்தோடு வா, வராவிட்டால் மானியம் ரத்து என்று நான் மைக்கில் கத்தியிருக்கிறேன். அந்தத் தெருவில் ஒருவர் பேரிலும் பட்டா கிடையாது, அந்தம்மா எடுத்த பழைய காகிதமும் சாமி பேரில்தான் இருந்திருக்கும். போனால் நிலத்தை எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, எங்களை விட்டால் போதும் என்ற அர்த்தத்தில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்கத் தைரியமாக வந்த ஒருத்தியிடமும், ரத்துதான் என்று நேருக்கு நேர் சொல்லி அனுப்பிவிட்டேன். அவரைப் பிடிக்கப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. அடுத்த பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டும். கையில் விதை இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. விதைக்கு அனுமதி வாங்கிக்கொண்டே போய்விடலாம் என்று ஆபீஸுக்குத் திரும்பினேன். ஆளைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்த்தேன்.

கிடங்கில் விதை இருந்தது. சில ஊர்க்காரர்கள் எடுக்காமல் விட்ட மூட்டைகள். ஆனால் மடவிளாகத் தெருவுக்குத் தேவை இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. உடன் வேலை செய்த ஒருவர் சுலபமான வழி சொன்னார். அந்த ஊரில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பெரிய விவசாயி ஒருவரின் பேரில் கூடுதலாக எடுத்து, அவரை விட்டே அந்தத் தெருவுக்குக் கொடுக்கச் சொல்லிவிடலாம். என் தப்பு வெளியே தெரியாது, விதையும் போய்விடும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பாயைப் பார்த்தேன்.

"கொடுக்கலாம் மேடம்" என்றார் பாய். "அப்புறம் வருஷா வருஷம் அவுங்க அவரு வாசல்லதான் போயி நிக்கணும்."

மானியம் யார் யார் கை வழியாகப் போய் யாரிடம் சேர்கிறது என்று பெரிய பெரிய கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். பாய் இருப்புக் கணக்கு எழுதியபடி சொன்ன இந்த ஒரு வரி போதும். அவருக்கு நான் பட்ட கடனை எந்த நாளும் தீர்த்ததில்லை. தீர்க்க வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எங்கள் உதவி இயக்குநர் கடலூரில் கூட்டத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம்தான் வந்தார். நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். மேற்படி தெருவைப் பற்றி நான் கொடுத்த அறிக்கை தவறு, நேரில் விசாரிக்காமல் எழுதியது என்று. அவர் படித்தார், திரும்பவும் படித்தார். நான் மெமோவை எதிர்பார்த்து நின்றேன்.

"பதம் எத்தன நாளைக்கும்மா தாங்கும்?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்கும் சார். வெயில் ஜாஸ்தியா இருந்தா நாளைக்கே முடிஞ்சிடும்."

"பட்டா அவுங்க பேர்ல இல்லையே?"

"உழுவறது அவுங்கதான் சார்."

கிராம நிர்வாக அலுவலருக்கு அவரே போன் போட்டு, சாகுபடிச் சான்று பதினெட்டும் சாயந்திரத்துக்குள் வேண்டும் என்றார். கடிதத்தின் ஓரத்தில் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். "மெமோ அப்புறமா கொடுக்குறேன். மொதல்ல மூட்டைய ஏத்துங்க" என்றார். சொன்ன சொல் தவறாதவர். உளுந்து அறுவடைக்குப் பிறகு மெமோ வந்தது, ஒழுங்கான நடையில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். என் சர்வீஸில் நான் சந்தோஷமாக வாங்கிய மெமோ அது ஒன்றுதான். இப்படி ஒரு அதிகாரி வாய்த்தார் என்று இன்றைக்கும் ஜெபத்தில் நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலை டெம்போவில் மூட்டைகளோடு நானும் பாயும் அந்தத் தெருவுக்குப் போனோம். வண்டியைப் பார்த்ததும் இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கோயில் வாசலில் நின்று பேசினேன். மானியம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. "உளுந்து விதை கொண்டாந்திருக்கோம். வெலையில பாதிய கவர்மெண்டு கொடுக்குது, பாதிய நீங்க கொடுக்கணும். அன்னிக்கு மைக்குல சொன்னது இதத்தான். வார்த்த தெரியாம நான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன். தப்பு என்னோடது. ஒங்க நெலத்தப் பத்தி எங்க ஆபீசுல யாரும் எதுவும் கேக்கல."

மேளக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப எதுக்கு நெலத்துக் காகிதம் கேட்டீங்க?"

"எவ்ளோ நெலத்துக்கு எவ்ளோ விதன்னு தெரியணும்ல. அதுக்குத்தான்."

"அன்னிக்கே சொன்னேன்ல மாமா, வெதயா இருக்கும்னு" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"நீ எங்க சொன்ன? நீதான் மொதல்ல கதவச் சாத்தினவன்" என்றார் மேளக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். தெரு கொஞ்சம் இளகியது.

பாய் விநியோகப் பதிவேட்டை விரித்தார். கையெழுத்துப் போட வேண்டும். பூக்கட்டும் பெண் ஒருவர் குனிந்து, மேலே அச்சடித்திருந்த தலைப்பை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். 'மானிய விலை இடுபொருள் விநியோகப் பதிவேடு.' முதல் சொல்லோடு எல்லாருடைய கையும் பின்னால் போய்விட்டது. "மானியம்னுதான போட்டுருக்குது? இதுக்குக் கீழ நாங்க எப்டிங்க கையெழுத்துப் போடறது?" என்றார் மேளக்காரர். அவர் கேட்டது நியாயம். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை அந்தத் தெரு என்னைவிடக் கவனமாகப் பார்த்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கிச் சொல்ல ஒரு நாள் பிடிக்கும், அந்த ஒரு நாள் வயலில் இல்லை. பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தின் அச்சுத் தலைப்பின் மேல் கோடு போட்டேன். மேலே 'பாதி விலையில் உளுந்து விதை வாங்கியவர்கள், நிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை' என்று எழுதி, என் பெயர், பதவி, தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.

"மேடம், ஆடிட்ல கேப்பாங்க" என்றார் பாய் மெதுவாக.

"கேக்கட்டும் பாய்."

கேட்டார்கள். அரசுப் பதிவேட்டின் தலைப்பை அடித்தது ஏன் என்று தணிக்கையில் கேட்டு எழுதினார்கள். நடந்ததை அப்படியே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்க ஊர்லயும் நெலத்தத்தாம்மா மானியம்பாங்க" என்று சொல்லி அதை முடித்து வைத்தார். நல்லவர்கள் எல்லாம் என் வழியில் வந்து நின்றிருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. கோடு போடுவது உங்களுக்கும் சரிப்பட்டு வரும் என்று நான் சொல்லவில்லை. போட்டால் பேரை எழுதிவிட்டுப் போடுங்கள்.

அதற்குப் பிறகு 2012-இல் ஓய்வு பெறும் வரை எந்த அறிவிப்பையும் நான் நேராக மைக்குக்குக் கொடுத்ததில்லை. 2011 கடைசியில் கடலூரைப் புரட்டிப் போட்ட புயலுக்குப் பிறகு முந்திரி சாய்ந்த ஊர்களுக்குப் போனபோதும், வாசகத்தை எழுதி முதலில் அந்த ஊர் டீக்கடையில் யாரிடமாவது படித்துக் காட்டுவேன். "இதுல ஒங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வதைக் கேட்டால் பாதி நாள் சிரிப்பும் பாதி நாள் பயமும் வரும். நீங்களும் செய்து பாருங்கள், ஒரு டீ செலவுதான்.

அந்தச் சனிக்கிழமை, மேளக்காரர் முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வாங்கினவர்கள் வாங்கின கையோடு வயலுக்கு ஓடினார்கள். தையல்நாயகி கடைசியாக வந்தார். பேனாவை அழுத்திப் பிடித்துத் தன் பெயரை முழுதாக எழுதினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு நான் பேசினத நீங்க வந்து சொன்னதும், தெருவே என்னத் திட்டித் தீத்திருக்கும்."

"யாருக்கும் தெரியாதும்மா" என்றார். "யாருகிட்டயும் சொல்லாமத்தான் வந்தேன். போயும் சொல்லல."

"வீட்டுக்காரருகிட்ட?"

"அவரு தைப்பூசத்துக்குத் தீவட்டி புடிக்கணும். தெரிஞ்சா கை நடுங்கும்மா. தெருவுல சொன்னா ஒருத்தரும் வயல்ல எறங்க மாட்டாங்க. நெல்ல அறுத்து, இருக்கற உளுந்தத் தூவி, கடைசியா ஒரு தடவ எல்லாரும் எடுத்துக்கட்டும். அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

வியாழன் மதியத்திலிருந்து சனி காலை வரை. நான் மெமோவை நினைத்துச் சோறு இறங்காமல் இருந்த அதே நேரத்தில், பதினெட்டு வீட்டு நிலமும் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு இவர் எல்லாருக்கும் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசியிருக்கிறார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார். ஒருவர் காதிலும் போடவில்லை. எத்தனையோ பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள், அத்தனை பேரிலும் முதல் ஆள் இவர்தான். வேறு ஒன்றும் தெரியாமல் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"உடுங்கம்மா, ஈரம் காயுது" என்று சொல்லிவிட்டு, வயலைப் பார்த்து வேகமாக நடந்தார்.